தேபாவில் கூப்பிட்ட பெயர்

"எப்பிராயீம் பென் அவ்ராஹாம்" என்று மாடியிலிருந்து மெயிர் மாமா ராகம் போட்டுக் கூப்பிட்டபோது எப்பிராயீம் பெஞ்சை விட்டு எழுந்து பாதி தூரம் நடந்துவிட்டிருந்தான். வேதம் வாசிக்கிற இடத்துக்கு ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அடுத்தது தன் முறை என்று அவனுக்குத் தெரியும். பெயரின் முதல் பாதி காதில் விழுந்தாலே போதும், மறுபாதியை யார் கவனித்துக் கேட்கிறார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த கால்களுக்குத் தரை ஜில்லென்று இருந்தது, எண்ணெய் விளக்கின் புகை மூக்கில் ஏறித் தும்மல் வருவது போல் வந்து நின்றது, தோளில் போட்டிருந்த தொழுகைத் துணி ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. மாடிப்படியில் ஒரு காலை வைத்து மறுகாலைத் தூக்கும்போதுதான் காது வாங்கி வைத்திருந்ததை மனசு பிரித்துப் பார்த்தது. பென் என்றால் மகன். எப்பிராயீம், அவ்ராஹாமின் மகன். ஆனால் அவன் அப்பா பெயர் எலியாஹூ. கோயமுத்தூரில் ஆயுசு முழுக்க பம்பு மோட்டாரும் சுவிட்சும் விற்ற எலியாஹூ, போன ஐப்பசி மழையில் படுத்து எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்த எலியாஹூ. அவர் நினைவுக்காகத்தான் பூட்டிக் கிடந்த இந்தக் கொச்சி யூதப் பள்ளியை இன்றைக்குத் திறந்திருக்கிறார்கள். பத்து ஆண்கள் கூடினால்தான் தோரா என்கிற வேதச் சுருளைப் பிரித்து வாசிக்கலாம் என்பதால் எங்கெங்கோ சொல்லியனுப்பி ஒன்பது பேரைச் சேர்த்தார்கள், பத்தாவது ஆள் அவன். அப்படிப்பட்ட நாளில் போய் அப்பா பெயரை மாற்றிக் கூப்பிடுவதா. கிழவருக்குக் கண்ணும் போய்விட்டது, நினைவும் போய்விட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டே அவன் அடுத்த படியை ஏறினான்.

படி குறுகல். சின்ன வயசில் இதில் ஏறும்போதெல்லாம் மரம் முனகுவது அவனுக்குப் பிடிக்கும், இப்போது அந்த முனகலே எரிச்சலாக இருந்தது. மற்ற ஊர்ப் பள்ளிகளில் வாசிக்கிற மேடை நடுக்கூடத்தில் ஒன்றே ஒன்று இருக்கும், தேபா என்பார்கள். இங்கே இரண்டு. கீழே பித்தளைக் கம்பி போட்டது சாதாரண நாளுக்கு, மாடி முகப்பில் இருப்பது சனிக்கிழமைக்கும் பண்டிகைக்கும். அந்த மேல்தேபாவுக்குப் பின்னாலேயே மரச்சட்டத் தட்டி, தட்டிக்குப் பின்னால் பெண்கள். ஏன் இந்தப் பள்ளியில் மட்டும் மாடியில் ஏறி வாசிக்கிறோம் என்று அவன் கேட்டதற்கு அப்பா, "பொம்பளைங்களுக்கும் காது இருக்குதல்ல" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். பதின்மூன்று வயசில் முதன்முதலாக அவனை அங்கே ஏற்றி நிறுத்திய அன்று இதே மெயிர் மாமாதான் கூப்பிட்டார், எப்பிராயீம் பென் எலியாஹூ என்று, கணீரென்று, பக்கத்தில் நின்ற அப்பாவின் உதடும் கூடவே அசைந்தது. தட்டிக்குப் பின்னாலிருந்து அம்மா, நிமிந்து நில்லு கண்ணு, நிமிந்து நில்லு என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசினாள். அதற்கப்புறம் பண்டிகைக்கு வந்து ஏறியபோதெல்லாம், கல்யாணமாகித் தலை நரைத்த பிறகும், அவள் சொல்லாமல் விட்டதில்லை. இன்றைக்கு அவன் படியேறி முடித்து, தேபாவின் ஓரக் கம்பியைப் பிடித்து நின்று, துணியை இழுத்துச் சரிசெய்து, அம்மா சொல்லப்போவதற்காகக் கொஞ்சம் காத்தும் பார்த்தான். தட்டிக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அங்கே இருந்தது அம்மாவும் சிப்போரா அத்தையும் மட்டும்தான், இரண்டு பேரில் ஒருத்தராவது இருமியிருக்கலாம்.

அப்போதுதான் கவனித்தான். தட்டிக்குப் பின்னால் மட்டும் இல்லை, கீழேயும் சத்தமில்லை. இந்தப் பள்ளியில் தோரா வாசிக்கிறவன் ஒரு எழுத்தைத் தப்பவிட்டால் போதும், நாலா பக்கமிருந்தும் கத்துவார்கள். வாசிப்பில் பிழை நிற்கக் கூடாது, கேட்டவன் திருத்தியாக வேண்டும் என்பது முறை. முறை என்று பெயர், உண்மையில் அவர்களுக்கு அது ஒரு குஷி. தூங்கிக்கொண்டிருப்பவர் கூடத் தூக்கத்திலிருந்தே திருத்துவார். சற்று முன்னால் கூட, தாவீத், அவன்தான் இன்றைக்கு வாசிக்கிறவன், நல்ல குரல்காரன், கூடாரத்துப் பலகைகளும் கொக்கிகளும் பற்றிய அந்த வறண்ட பகுதியில் ஒரு நெடிலைக் குறிலாக்கிவிட்டான் என்று நாலு பேர் பாய்ந்தார்கள், அவன் காது மடல் சிவக்கத் திரும்ப வாசித்தான். ஒரு கொக்கிக்கு அத்தனை ரகளை. இப்போது, செத்துப்போன மனுஷனின் பெயரையே மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார், ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. எலியாஹூ, எலியாஹூ என்று ஒரு குரல் வர வேண்டும், இதோ இப்போது வரும், காது கேட்காதவர் பக்கத்து ஆளிடம் கேட்டுவிட்டாவது கத்துவார் என்று அவன் கம்பிக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அப்பாவோடு சேர்ந்து மட்டன் சாப்பிட்டவர்கள், அப்பாவைச் சுமந்தவர்கள், ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

தெரிந்திருக்கிறது என்றால் என்ன தெரிந்திருக்கிறது, என்று ஒன்றும் புரியாதவன் மாதிரி தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். புரியாமல் இல்லை. பென் அவ்ராஹாம் என்று யாரைக் கூப்பிடுவார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவனுக்கு இந்த வம்சத்தில் அப்பன் கிடையாது, அதனால் எல்லாருக்கும் முதல் அப்பனான அவ்ராஹாமின் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒருத்தர் வந்திருந்தார், கப்பல் இன்ஜினியர், சிவப்புத் தாடி, யாரையோ கல்யாணம் பண்ணுவதற்காகச் சேர்ந்தவர், அவரையும் பென் அவ்ராஹாம் என்றுதான் கூப்பிட்டார்கள். எப்பிராயீமுக்கு அப்போது பதினாலு பதினைந்து வயசு, அவர் அப்பா பேரு அவ்ராஹாமா என்று அப்பாவைக் கேட்டான். அன்றைக்குப் பள்ளி முடிந்து படகுத்துறைப் பக்கம் நடந்தார்கள். வெயில் தலையைப் பிளந்தது, சனிக்கிழமை என்பதால் காசைத் தொடக் கூடாது, ஒரு சர்பத்துக்குக் கூட வழியில்லை. அப்பா பேசிக்கொண்டே வந்தார். பெரியவங்க தானா வந்து சேர்றது ஒண்ணு, கைக்குழந்தைய நாம எடுத்துட்டு வந்து தண்ணியில முக்கிச் சேத்துக்கறது இன்னொண்ணு என்றார். குழந்தைகிட்டக் கேக்காமத்தானே சேத்தோம், அதனால அதுக்கு ஒரு உரிமை இருக்குது, வளந்து விஷயம் தெரிய வர்ற அன்னிக்கு, எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடலாம், யாரும் தடுக்கக் கூடாது என்றார். தெரிஞ்சும் இருந்துட்டா அதோட சரி, அப்புறம் அவனும் நம்மாளுதான் என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பசிக்குது வாங்கப்பா என்று இவன்தான் கையைப் பிடித்து இழுத்தான். இந்த மனுஷன் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லுவார் என்று அன்றைக்கு நினைத்தது இப்போது கூட அப்படியே ஞாபகம் இருந்தது.

மேடையில் சுருள் விரித்துக் கிடந்தது. தாவீத் வெள்ளிக் குச்சியை ஒரு வரிமேல் வைத்துக்கொண்டு, நிமிராமல், அந்தக் குச்சி எங்கே ஓடிவிடப் போகிறதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்பிராயீம் மெயிர் மாமாவின் காதருகே குனிந்தான்.

"மாமா, பேரைத் தப்பாக் கூப்பிட்டுட்டீங்க."

"தப்பல்ல மோனே" என்றார் அவர். பம்பு வாங்குவதற்காக வருஷக்கணக்கில் கோயமுத்தூர் வந்துபோனதில் தேறிய தமிழ் அவருடையது. "எலியாஹூ எங்கிட்ட சொல்லி ஏல்ப்பிச்ச பொறுப்பு. நான் இருக்கற வரைக்கும் என் பேரு சொல்லி விளி. நான் போயி முதல்ல அவன் தேபா ஏறும்போ உள்ளதைச் சொல்லி விளின்னான். இவங்களுக்கும் இன்னிக்குக் காலத்தேதான் சொன்னேன், யாரும் திருத்தாதீங்கன்னு."

"உள்ளதுன்னா?"

கிழவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கோயமுத்தூர்ல கிட்டிய குட்டி நீ. பொறந்து கண்ணு கூட சரிக்குத் துறக்கல. இவிடே கொண்டுவந்து, குளத்துல முக்கினது நானும் உன் அப்பனும். வேண்டாம்னு தோணினா எறங்கிக்கோ மோனே, அதுக்கு உனக்கு நியாயம் உண்டு. வேணும்னா வாழ்த்து சொல்லு, தாவீத் வாசிப்பான். ரெண்டும் சரிதான்."

கிட்டிய குட்டி. கிடைத்த பிள்ளை. யாரிடமிருந்து கிடைத்த பிள்ளை, எங்கே கிடைத்தது, தொட்டிலிலா படிக்கட்டிலா ஆஸ்பத்திரி வராந்தாவிலா, கையில் கொடுத்தார்களா வைத்துவிட்டுப் போனார்களா. கம்பியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. மூக்கு, என்று திடீரென்று நினைவு வந்தது, இந்த மூக்கு. சிப்போரா அத்தை அவன் மூக்கைப் பிடித்துத் திருகாத வருஷம் இல்லை, அப்படியே எலியாஹூ மூக்கு, அச்சு அசல், எங்க வீட்டு மூக்கு என்று. சவரம் பண்ணும்போதெல்லாம் கண்ணாடியில் அப்பாவின் மூக்கைத்தான் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மேலுதட்டை மழித்திருக்கிறான். யாருடைய மூக்கு அது. அப்புறம் அந்தச் சர்க்கரை. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று டாக்டர் கேட்டார், இருந்தது என்று இவன் ஜம்பமாகச் சொன்னான், அப்படியானால் உங்களுக்கும் வரும், ஜாக்கிரதை என்றார் அவர். அன்றிலிருந்து காபியில் சர்க்கரை கிடையாது, கல்யாண வீட்டில் ஜிலேபி கிடையாது, தீபாவளிக்குக் கடைப் பையன்களுக்கு ஸ்வீட் பெட்டி வாங்கும்போது ஒரு துண்டைக் கூடக் கிள்ளிப் பார்த்ததில்லை. இருமலோடு படுத்திருந்த அப்பா இவன் கசந்த காபி குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, சர்க்கரை போட்டுக் குடிடா, அது உனக்கு வராது என்று. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொச்சிக்கு லீவுக்கு வந்தால் இங்கத்துப் பிள்ளைகள் அவனைப் பாண்டி, பாண்டி என்று கேலி பண்ணுவார்கள், அவன் பேச்சுத் தமிழாக இருக்கிறதே அதற்காக என்று நினைத்து ஓடிஓடி அடித்திருக்கிறான். ஒருவேளை அவர்கள் வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருப்பார்களோ. தமிழ் பேசுகிறவன் என்றில்லை, தமிழனே அவன். கோயமுத்தூரில் எந்த வீட்டுப் பிள்ளையோ. கடைக்கு வந்து ஃபியூஸ் வயருக்குப் பேரம் பேசிவிட்டுப் போன ஆயிரம் பேரில் அவனுக்கு அண்ணன் இருந்திருக்கலாம், தங்கை இருந்திருக்கலாம், பெற்றவளே வந்து டியூப்லைட் சோக்கு கேட்டுவிட்டுப் போயிருக்கலாம், அவளுக்குச் சில்லறை இல்லை என்று இவன் முகத்தைச் சுளித்திருக்கலாம். உயிரோடு இருப்பாளா. இருந்தால் எண்பதாவது ஆகியிருக்குமா. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளின் முகமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒருத்தியையும் அவனுக்குத் தெரியவில்லை.

பெயர் வைத்தவரும் அப்பாதானே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியதும் எல்லா அப்பாமார்களும் மகன் தலையில் கைவைத்து, கடவுள் உன்னை எப்பிராயீமைப் போல ஆக்கட்டும் என்பார்கள், எந்த வீட்டிலும் அப்படித்தான். இவன் பெயரே எப்பிராயீம் என்பதால் இவனுக்கு அது வேடிக்கையாக இருக்கும், என்னைப் போலவே என்னை ஆக்கச் சொல்லுறீங்களே என்பான். யார் அந்த எப்பிராயீம் என்பது சின்ன வயசிலேயே படித்ததுதான். வேதத்தில் வரும் யாக்கோபுக்கு அவன் பிள்ளையில்லை, பேரன். அந்நிய ஊரில் பிறந்த அவனைக் கிட்டே கூப்பிட்டு, இவன் என்னுடையவன், என் சொந்தப் பிள்ளைகளைப் போலவே என்னுடையவன் என்று யாக்கோபு எடுத்துக்கொண்டான். மோட்டாரின் முதுகில் தகடு அடித்திருக்குமே, எத்தனை குதிரைச் சக்தி, எந்த ஊரில் செய்தது என்று, அதைப் போல ஊரறியத் தகட்டை அடித்து அனுப்பியிருக்கிறார், இவன் ஒருத்தன்தான் வாசித்துப் பார்க்கவில்லை. வாரம் தவறாமல் தலையில் கைவைத்துச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அது சொன்னதில் சேர்த்தியா. யாராவது அப்படிச் சொல்வார்களா. இந்த மோட்டார் இனி ஓடாதுங்க, காயில் கட்டினாலும் வேஸ்ட், காசைக் கரியாக்காதீங்க என்று எத்தனை பேர் முகத்துக்கு நேரே சொன்ன மனுஷன், சொந்த வீட்டுக்குள் ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வராமல், செத்த பிறகு ஆள் வைத்து, மாடியில் ஏற்றி, ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். இதற்குப் பேர் நேர்மையா. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், மூத்திரப் பையை மாற்றினான், கால் நகம் வெட்டினான், அப்போது ஏதோ சொல்ல வருவது போல இரண்டு முறை அவன் மணிக்கட்டைப் பிடித்தார், தண்ணி வேணுமாப்பா என்று கேட்டான், ஆமாம் என்று தலையாட்டினார். தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கோபம் வந்ததும் பிடித்திருந்த கம்பியை விட்டான். இறங்கிவிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள், அதுதான் சட்டம். இறங்கினால் பத்து ஒன்பதாகிவிடும், சுருளைச் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு எல்லாரும் சோற்றுக்குப் போவார்கள். எலியாஹூவின் பெயரைச் சொல்லிச் செய்ய வேண்டிய நினைவு வேண்டுதல் அப்படியே நின்றுவிடும், நிற்கட்டும், அவருக்கு வேண்டியதுதான். மகன் செய்ய வேண்டிய வேண்டுதல் அது. மகன். பெற்றவன் எவனென்று தெரியாத ஒருத்தன் இத்தனை மாசமாக விடியலில் எழுந்து, கூட நிற்கப் பத்துப் பேர் இல்லாத வீட்டில் சுவரைப் பார்த்து அவருக்காக வேண்டியிருக்கிறான், அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும், யார் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு பயமாக இருந்தது. கோபத்துக்கு அடியில் இருந்தது இந்த பயம்தான். இறங்கிப் போனால் அப்பா இன்னொரு முறை செத்துப்போவார் என்றும், இறங்காமல் நின்றால் இத்தனை பேர் சேர்ந்து மறைத்ததற்கு, ஆகட்டும் பரவாயில்லை என்று தானே கையெழுத்துப் போட்டது போலாகும் என்றும் பயந்தான். கீழே ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார். மெயிர் மாமாவின் கை மேடைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தது, அதில் ஒரு சுருக்கமும் இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பின்னால் மரச்சட்டம் லேசாக அதிர்ந்தது. அம்மா தட்டிமேல் கையை வைத்திருக்க வேண்டும். வழக்கமாக ஊருக்கே கேட்கப் பேசுகிற அம்மாவின் குரல் அவன் முதுகுக்கு மட்டும் கேட்டது.

"எறங்கி வந்துரு கண்ணு. புடிக்கலீன்னா வந்துரு. நாம ஊருக்குப் போயரலாம்."

அவன் திரும்பினான். விரித்த சுருளுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று தெரிந்தும் திரும்பினான். சட்டங்களின் சந்து வழியாக அம்மாவின் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, வளையல் தேய்ந்து மெலிந்த கை, அதற்குப் பின்னால் முகம் துண்டுதுண்டாகத் தெரிந்தது. அவள் அழவில்லை. அவளைப் பார்த்தால், அடி விழப் போகிறது என்று தெரிந்து அசையாமல் நிற்கிறவளைப் போல இருந்தது. இவளும்தானே மறைத்தாள், இவளும்தானே நிமிந்து நில்லு, நிமிந்து நில்லு என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஏதாவது கடுமையாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு அவளிடம் கத்துவானே, அதே குரல்தான் வந்தது.

"இரும்மா. ஓதிட்டு வர்றேன். வீட்டுக்குப் போயி உங்க ரெண்டு பேருகிட்டயும் பேசிக்கறேன்."

சொன்ன பிறகுதான், ரெண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்பது அவனுக்கு உறைத்தது. அம்மாவுக்கும் உறைத்திருக்கும், விரல்கள் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அவன் அந்த வார்த்தையைத் திருத்தவில்லை. சுருளின் பக்கம் திரும்பி, தாவீத் காட்டிய இடத்தைத் துணியின் நுனியால் தொட்டு, அந்த நுனியை உதட்டில் வைத்துக்கொண்டு, கோபம் இன்னும் தணியாத தொண்டையில், கடவுளைத் துதியுங்கள் என்கிற வாழ்த்தின் முதல் வரியைச் சொன்னான். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களும் கீழே இருந்தவர்களுமாக ஒன்பது பேரும் சேர்ந்து அதற்குப் பதில் சொன்னார்கள்.